வீட்டுல பாம்பு வளர்க்கணுமா? பேப்பர், பர்மிட், வீட்டு ஓனர் வரைக்கும் முழு வழிகாட்டி

இந்தியாவுல வீட்டுல பாம்பு வளர்க்கலாமா கூடாதாங்கற கேள்விக்கு ஒரே மூச்சுல பதில் வேணும்னா இதுதான்: நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வளர்க்க முடியாது, வெளிநாட்டுப் பாம்புல சிலதை பேப்பர் சரியா இருந்தா வச்சுக்கலாம். அந்த "பேப்பர் சரியா இருந்தா"ங்கற வார்த்தைக்குள்ளதான் எல்லா சிக்கலும் இருக்கு. பாம்பு விக்கறவங்க பாதி பேர் இதை வாங்குறவங்ககிட்ட சொல்றதே இல்ல, வாங்குறவங்களும் பாம்பு கைக்கு வந்தப்புறம்தான் "ஆமா இதுக்கு ஏதாவது ரெஜிஸ்டர் பண்ணணுமா"ன்னு கேக்க ஆரம்பிக்கறாங்க. அப்ப ரொம்ப லேட்.

அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பேப்பர் முதல்ல, பாம்பு அப்புறம். கீழ உள்ள வரிசை முழுக்க அந்தக் கணக்குலதான் இருக்கும்.

அமெரிக்க வீடியோ பாத்துட்டு வர்றவங்களுக்கு ஒரு விளக்கம். அங்க மாநிலத்துக்கு ஒரு சட்டம், கவுன்டிக்கு ஒரு சட்டம், நகராட்சிக்கு ஒரு ஸோனிங் விதி (எந்த இடத்துல என்ன பண்ணலாம்னு சொல்றது), அதுக்கு மேல அபார்ட்மென்ட் ரூல்ஸ்னு அடுக்கு அடுக்கா இருக்கும், ஒரு ஊர்ல வச்சுக்கற பாம்பை பக்கத்து ஊர்ல வச்சுக்க முடியாது. இங்க அடுக்கு வேற மாதிரி. மேல மத்திய அரசோட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, அதை நடைமுறைப்படுத்தறது மாநில வனத்துறை, அதுக்குக் கீழ உள்ளூர்ல நீங்க குடியிருக்கற வீடு, அசோசியேஷன், பக்கத்து வீட்டுக்காரர். நடுவுல இருக்கற மாநகராட்சிக்கு இந்த விஷயத்துல வேலை கம்மி. சென்னை மாநகராட்சி செல்லப்பிராணி லைசென்ஸ் நாய்க்கும் பூனைக்கும்தான், பாம்புக்கு அந்த போர்ட்டல்ல இடமே கிடையாது. அங்க இடம் இல்லங்கறதால பர்மிஷன் தேவையில்லன்னு நினைச்சுடாதீங்க, உங்க பர்மிஷன் வேற ஆபீஸ்ல இருக்கு.

படி 1: எந்தப் பாம்புன்னு முடிவு பண்ணுங்க, சட்டம் இங்கயே பாதி முடிஞ்சுடும்

2022ல வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. முன்னாடி ஆறு அட்டவணை இருந்துச்சு, இப்ப நாலு. ஒண்ணும் ரெண்டும் நம்ம நாட்டு விலங்குகள், மூணாவது தாவரங்கள், நாலாவது அட்டவணை சைட்டீஸ் ஒப்பந்தத்துல (அழிவு அபாயத்துல இருக்கற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்) இருக்கற வெளிநாட்டு இனங்கள். இந்த நாலாவது அட்டவணைதான் நமக்கு முக்கியம், அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பாம்பைப் பத்தி பேசிடலாம்.

நல்ல பாம்பு, ராஜநாகம், கண்ணாடி விரியன், மலைப்பாம்பு இதெல்லாம் முதல் அட்டவணை. அதுல கை வச்சா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மத்த மீறல்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். "பிடிக்கறது"கூட சட்டப்படி வேட்டைதான், கொன்னாதான் வேட்டைன்னு இல்ல. தோட்டத்துல கிடைச்ச சாரைப்பாம்புக் குட்டி, கிணத்துல இருந்து எடுத்த தண்ணிப்பாம்பு, விஷம் இல்ல அதனால பரவாயில்லன்னு டப்பாவுல போட்டு வச்சுக்கறது எல்லாமே இதுக்குள்ள வரும். பாம்பு முட்டையை எடுத்துட்டு வந்து பொரிக்க வைக்கறதும் அப்படித்தான்.

மண்ணுளிப்பாம்பு பத்தி தனியா சொல்லியே ஆகணும். கோடிக்கணக்குல போகும், எடை கூட இருந்தா விலை கூடும், ராசி, மருந்துன்னு சொல்லி அதைக் கைமாத்திக்கிட்டே இருக்கற கும்பல் தமிழ்நாட்டுல, ஆந்திராவுல, கர்நாடகாவுல இருக்கு, வனத்துறை பிடிக்கற செய்தி வந்துக்கிட்டே இருக்கும். பாவம் அந்தப் பாம்பு, மண்ணுக்குள்ள எலியைத் தின்னுட்டு யாருக்கும் தொந்தரவில்லாம இருக்கற ஜீவன், எடை கூட்டறதுக்காக அதைச் சித்திரவதை பண்றாங்க. யாராவது உங்ககிட்ட "வளர்க்கறதுக்குத்தான்"னு சொல்லி அதைக் குடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

நம்ம ஊர்ப் பாம்பை சட்டப்படி பிடிக்கறவங்க யாருமே இல்லயான்னு கேப்பீங்க, இருக்காங்க. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலில இருக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சது. பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தப்புறம் அந்த வேலையையே நம்பி இருந்த இருளர் மக்கள், விஷம் எடுத்து மருந்துக்குக் குடுக்கற வேலைக்கு மாறினாங்க. சட்டத்தோட 12ஆவது பிரிவுல உயிர்காக்கும் மருந்துக்காக பாம்பு விஷம் எடுக்க பர்மிட் குடுக்கலாம்னு தனியாவே எழுதியிருக்கு. கல்வி, ஆராய்ச்சிக்கும் அதே பிரிவுல வழி இருக்கு. ஆசைக்கு வளர்க்கறதுக்கு அந்தப் பிரிவுல எதுவும் இல்ல. தலைமுறை தலைமுறையா பாம்போட வாழ்ந்தவங்களே அரசாங்கம் சொல்ற எண்ணிக்கைக்குள்ளதான் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு திரும்பக் காட்டுல விடறாங்கன்னா நமக்கு மட்டும் ஷார்ட்கட் எப்படி இருக்கும்.

இப்ப வெளிநாட்டுப் பாம்பு. சந்தையில அதிகம் சுத்தறது பால் பைத்தான் (Ball python), அப்புறம் கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக், ஹாக்நோஸ், போவா. இதுல பைத்தான் குடும்பமும் போவா குடும்பமும் மொத்தமா சைட்டீஸ் பட்டியல்ல இருக்கு, பெரும்பாலும் இரண்டாம் இணைப்புல, சில இனம் முதல் இணைப்புல (இணைப்புங்கறது அந்த ஒப்பந்தத்தோட பட்டியல், முதல் இணைப்புலதான் கட்டுப்பாடு ரொம்ப அதிகம்). அதனால இதுங்க நாலாவது அட்டவணை, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் சைட்டீஸ் பட்டியல்ல இல்ல, அதனால அந்த ரெஜிஸ்ட்ரேஷன் இதுங்களுக்குப் பொருந்தாது. உடனே "அப்ப கார்ன் ஸ்நேக் ஃப்ரீ"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது நாட்டுக்குள்ள எப்படி வந்துச்சுங்கற கேள்வி அப்படியே நிக்குது, இறக்குமதிக்கும் கஸ்டம்ஸுக்கும் சைட்டீஸ் இருக்கா இல்லயாங்கறது மட்டும் கணக்கில்ல. பில் இல்லாத, வரலாறு தெரியாத கார்ன் ஸ்நேக் கடத்தல் பொருளா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஒரு பொறி இருக்கு, கவனிங்க. "அல்பினோ பர்மீஸ்", மஞ்சக் கலர்ல பெரிய பாம்பு, எக்ஸாட்டிக்னு சொல்லி விப்பாங்க. பர்மீஸ் பைத்தான் நம்ம வடகிழக்கு மாநிலங்கள்ல காட்டுல வாழற பாம்பு, ரெட்டிகுலேட்டட் பைத்தான் நிக்கோபார்ல இருக்கு. இதுங்க நம்ம நாட்டுப் பாம்புக் கணக்குலதான் வரும், கலர் மாறினா சட்டம் மாறாது.

அதே மாதிரி மலைப்பாம்புக் குட்டியை பால் பைத்தான்னு சொல்லி தள்ளி விடறதும் உண்டு. தலையைப் பாருங்க. நம்ம மலைப்பாம்புக்கு தலை மேல ஈட்டி முனை மாதிரி ஒரு அடையாளம் தெளிவா இருக்கும், உடம்பு வெளிர் நிறம், அதுல பெரிய பெரிய திட்டு. சாதாரண பால் பைத்தானுக்கு தலை மேல கருப்பு, மூக்குல இருந்து கண் வழியா பின்னாடி போற வெளிர் கோடு, உடம்பு குட்டையா தடியா இருக்கும், விலாப்பக்கம் வட்டமா பழுப்புத் திட்டு, அதுக்குள்ள புள்ளி. பால் பைத்தான் வளர்ந்தா மூணுல இருந்து அஞ்சு அடி, மலைப்பாம்பு பத்து அடியைத் தாண்டும். சந்தேகமா இருந்தா வாங்காதீங்க, அவ்வளவுதான்.

படி 2: விக்கறவர்கிட்ட என்ன பேப்பர் கேக்கணும்

இந்தப் படியிலதான் நிறைய பேர் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

2020 ஜூன்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவுரை வெளியிட்டுச்சு, வெளிநாட்டு விலங்கு வச்சிருக்கறவங்க தானா முன்வந்து கணக்கு காட்டலாம், ஆறு மாசத்துக்குள்ள காட்டினா எப்படி வந்துச்சுன்னு ஆவணம் கேக்க மாட்டோம்னு. நிறைய பேர் அப்பவே பதிவு பண்ணாங்க. அப்புறம் 2024 பிப்ரவரி 28ல புது விதிகள் வந்துச்சு, உயிருள்ள விலங்கினங்களைத் தெரிவிக்கறதுக்கும் பதிவு பண்றதுக்குமான விதிகள். நாலாவது அட்டவணை விலங்கு வச்சிருக்கற எல்லாரும் ஆறு மாசத்துக்குள்ள பதிவு பண்ணணும், அதுக்கப்புறம் யார் புதுசா வாங்கினாலும் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஆறு மாசக் கெடு 2024 ஆகஸ்ட் கடைசியோட முடிஞ்சிருச்சு. இப்ப புதுசா வாங்குற உங்களுக்குப் பொருந்தறது அந்த 30 நாள்.

அப்ப விக்கறவர்கிட்ட கேக்க வேண்டியது, அந்தப் பாம்பு அவர் பேர்ல பதிவாகி இருக்கற சர்டிபிகேட். வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரி நினைச்சுக்கங்க, அவர் பேர்ல இல்லாத ஒண்ணை உங்க பேருக்கு எப்படி மாத்துவார்? சர்டிபிகேட்ல இனத்தோட அறிவியல் பேர் என்ன போட்டிருக்கு, எத்தனை, யார் பேர், எந்த மாநிலம்னு பாருங்க. வாட்ஸ்அப்ல மங்கலா ஒரு பிடிஎஃப் அனுப்பிட்டு "எல்லாம் இருக்கு ப்ரோ"ன்னா ஒத்துக்காதீங்க.

இங்க ஒரு கணக்குப் போட்டா பாதி பொய் வெளிய வந்துடும். அவர் காட்டற பேப்பர் 2020 அறிவிப்புன்னு வைங்க, கையில இருக்கற பாம்பு ஒரு அடி நீளக் குட்டி. பொரிச்ச பால் பைத்தான் குட்டி ஒரு அடி சுமாருக்குத்தான் இருக்கும், சாப்பிட்டு வளர ஆரம்பிச்சா முதல் வருஷத்துலயே ரெண்டு அடி பக்கம் வந்துடும். 2020ல பதிவான பாம்பு இப்ப குட்டியா இருக்க முடியாது. அப்ப இது அந்தப் பாம்போட வாரிசா இருக்கணும், வாரிசுன்னா பிறந்ததை அவர் தெரிவிச்சிருக்கணும், அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்க. இன்னொண்ணு, பால் பைத்தான் ஒரு தடவைக்கு சராசரியா அஞ்சாறு முட்டைதான் போடும், பத்து, பதினொண்ணு வந்தாலே அதிகம். ஒரே ஒரு ஜோடி வச்சிருக்கறவர் ஒரே சீசன்ல முப்பது குட்டி விக்கறார்னா மீதிக் குட்டி எங்கிருந்து வந்துச்சு? பழைய பேப்பரை வச்சுக்கிட்டு புதுசா கடத்தி வந்த பாம்பை அதுக்குக் கீழ ஓட்டறதுதான் இங்க நடக்கற பெரிய தில்லுமுல்லு.

கடத்தல் ஒண்ணும் கற்பனை இல்ல. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னை வந்த ஒரு பயணியோட பெட்டிக்குள்ள 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும் பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சிருந்ததை கஸ்டம்ஸ் பிடிச்சாங்க. பாங்காக்ல இருந்து வர்ற ஃப்ளைட்டுல இது திரும்பத் திரும்ப நடக்குது. அந்த டப்பாவுக்குள்ள தண்ணி இல்லாம, மூச்சு முட்டி எத்தனை செத்து வருதுன்னு யாருக்கும் தெரியாது, உயிரோட வந்ததும் உண்ணி, நீர்வத்தல், மூச்சுக்குழாய்த் தொற்றோட வரும், வாங்குனவங்க "சாப்பிட மாட்டேங்குது"ன்னு ரெண்டு மாசம் போராடிட்டு இழந்துடுவாங்க. பேப்பர் கேக்கறது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்ல, அந்தப் பாம்புக்காகவும்தான்.

கடையில வாங்குறீங்கன்னா 2018 செல்லப்பிராணிக் கடை விதிகள்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவாகி இருக்கணும். அதையும் கேளுங்க. பதிவு இருந்தா காட்டப் போறாங்க, கேட்டதுக்கே கோவப்பட்டா கிளம்பிடுங்க.

"ஆம்னி பஸ்ல பார்சல் போட்டு விடறேன், காலைல கோயம்பேடுல எடுத்துக்கங்க"ன்னா கண்டிப்பா வேண்டாம். பாம்பு டிக்கியில சூட்டுல கிடக்கும், வழில பிடிபட்டா பார்சல்ல உங்க பேரும் நம்பரும் இருக்கும். நேர்ல போய்ப் பாருங்க, பேப்பர் ஒரிஜினல் பாருங்க, விக்கறவரோட பெயர் மாற்றத்தையும் சேத்து முடிங்க.

நேரா வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: ஏற்றுமதி பண்ற நாட்டோட சைட்டீஸ் பர்மிட், நம்ம மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரோட ஆட்சேபணை இல்லா கடிதம், டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) இறக்குமதி லைசென்ஸ், கால்நடைத் துறையோட சானிட்டரி இம்போர்ட் பர்மிட், வந்து இறங்கினதும் விலங்கு குவாரன்டைன். ஒரே ஒரு பாம்புக்காக தனி ஆள் இதெல்லாம் முடிக்கறது நடைமுறைல ரொம்ப கஷ்டம். லக்கேஜ்ல கொண்டு வர்றதுக்கு வழியே இல்ல.

படி 3: வீடு, அதாவது நம்ம ஊர் ஸோனிங்

நகரமைப்புத் திட்டம் போடற அரசு அமைப்புகளான சிஎம்டிஏ, டிடிசிபி போடற நில உபயோக வகைல குடியிருப்புப் பகுதில பாம்பு வைக்கலாம், கூடாதுன்னு தனியா ஒரு வரி தேடிட்டு இருக்காதீங்க. அது கட்டடத்துக்கும் தொழிலுக்கும் உள்ளது. வீட்டுல ஒரு பாம்பு வச்சுக்கறது வீட்டு உபயோகம், ஆனா நீங்க பத்து ரேக் போட்டு இனப்பெருக்கம் பண்ணி வித்துக் காசு பாக்க ஆரம்பிச்சா அது வியாபாரம், அப்ப உள்ளாட்சி டிரேட் லைசென்ஸ், நில உபயோகம், கடை விதிகள் எல்லாம் உள்ள வரும். சைட்டீஸ் முதல் இணைப்பு இனத்தை இனப்பெருக்கம் பண்ணணும்னா அதுக்குத் தனி லைசென்ஸே வேணும்.

வாடகை வீடுன்னா அக்ரிமென்டை எடுத்துப் படிங்க. "செல்லப்பிராணி கூடாது"ன்னு வரி இருந்தா பாம்பும் அதுக்குள்ளதான். வரி இல்லன்னாலும் ஓனர்கிட்ட சொல்லிடுங்க, முடிஞ்சா ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. மறைச்சு வச்சு, ஒரு நாள் பிளம்பர் வந்து பாத்துட்டு தெருவுக்கே சொல்லி, அன்னிக்கு ராத்திரியே வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பாம்பைத் தூக்கிட்டு எங்க போவீங்க? அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் பைலாவைப் பாருங்க. நாய் விஷயத்துல அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியத்தோட வழிகாட்டுதல் இருக்கு, அதை பாம்புக்கும் அப்படியே நீட்டிப் பேசலாம்னு நம்பிக்கிட்டு சண்டைக்குப் போகாதீங்க, அது நாயை மனசுல வச்சு எழுதினது.

பக்கத்து வீட்டுக்காரங்க பயத்தை லேசா எடுக்காதீங்க. நம்ம ஊர்ல பாம்புக்கடில இன்னும் ஆளுங்க செத்துக்கிட்டுதான் இருக்காங்க, கிராமத்துல இருந்து வந்தவங்க பல பேர் வீட்டுல அப்படி ஒரு சாவு நடந்திருக்கும். அவங்க பயப்படறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. விஷமில்லாத இனம், பூட்டு போட்ட பெட்டி, பதிவு சர்டிபிகேட் இது மூணையும் காட்டி முன்னாடியே பேசினா பெரும்பாலும் அடங்கிடும்.

பேசாம விட்டா சட்டம் அவங்க பக்கமும் இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவுப்படி, தன்கிட்ட இருக்கற விலங்கால மத்தவங்க உயிருக்கு ஆபத்து வராம பாத்துக்கத் தவறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152ஆவது பிரிவுல ஆபத்தான விலங்கை அடைச்சு வைக்கவோ அழிக்கவோ, வேற வழில அப்புறப்படுத்தவோ மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். உங்க பால் பைத்தான் ஒரு எறும்புக்கும் தீங்கு செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியும், படிக்கட்டுல அதைப் பாத்த பாட்டிக்குத் தெரியாது.

படி 4: பரிவேஷ்ல பதிவு

பதிவு முழுக்க ஆன்லைன், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 போர்ட்டல். விண்ணப்பம் போய்ச் சேர்ற இடம் உங்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். புரோக்கர் யாருக்கும் இதுக்காக காசு குடுக்காதீங்க, நீங்களே பண்ணலாம்.

உக்காரறதுக்கு முன்னாடி இதெல்லாம் ரெடியா வச்சுக்கங்க: அடையாள, முகவரிச் சான்று, விக்கறவரோட சர்டிபிகேட் காப்பி, பில் இல்லன்னா பெயர் மாற்றக் கடிதம், பாம்போட அறிவியல் பேர், வயசு, ஆணா பெண்ணா, பெட்டியோட போட்டோ, பாம்போட போட்டோ. போட்டோவை சும்மா எடுக்காதீங்க. பகல் வெளிச்சத்துல, தலைக்கு மேல இருந்து ஒண்ணு, ரெண்டு பக்க விலாவும் தனித்தனியா, வயிறு, வால் நுனி. பால் பைத்தானோட விலா டிசைன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுத்தீங்கன்னா நாளைக்கு இது அதே பாம்புதான்னு நிரூபிக்க இதுவே போதுமான துணையா இருக்கும். மைக்ரோசிப் போட்டா இன்னும் நல்லது, ஊர்வன பாக்கத் தெரிஞ்ச வெட்டனரி டாக்டர்தான் போடணும். சென்னைல இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க. போட்ட சிப்பையோ அடையாளத்தையோ அப்புறம் எடுக்கறது, மாத்தறது தனிக் குற்றம்.

30 நாளை கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க. போர்ட்டல் படுத்தும், ஃபைல் சைஸ் ஒத்துக்காது, ஓடிபி வராது. பாம்பு வந்த வாரத்துலயே போட்டுடுங்க, ஒப்புகை நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரின்ட்டும் போட்டு வைங்க. கேள்வி கேட்டு திருப்பி அனுப்பினா பயப்பட வேண்டாம், கேட்டதைக் குடுங்க. ரேஞ்சர் நேர்ல பாக்க வர்றேன்னு சொன்னா மரியாதையா உள்ள கூப்பிட்டுக் காட்டுங்க, மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு அது நல்லதுதான்.

படி 5: பெட்டி, சாப்பாடு, வீடியோ

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960ல 11ஆவது பிரிவு, விலங்கு அசையக்கூட இடம் இல்லாத கூண்டுல அடைச்சா வதைன்னு சொல்லுது. ஷூ டப்பா சைஸ் பிளாஸ்டிக் பெட்டியில வாழ்நாள் முழுக்க வைக்கறதை என்னால ஏத்துக்கவே முடியாது, யார் என்ன சொன்னாலும். வளர்ந்த பால் பைத்தானுக்கு நாலுக்கு ரெண்டு அடி பெட்டி, ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி சூடு, மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சி, ஒளிஞ்சுக்க ரெண்டு இடம், தண்ணிப் பாத்திரம். சென்னை மே மாசத்துல சூடு ஏத்தறதை விட இறக்கறதுதான் பெரிய வேலை, கரன்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு முன்னாடியே யோசிங்க. சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் இல்லாம ஹீட் மேட் (அடியில சூடு குடுக்கற விரிப்பு) போடாதீங்க, அடிவயிறு வெந்துடும். கதவுக்குப் பூட்டு, வெறும் கிளிப் போதாது. ஒயர் போற ஓட்டையை மூடுங்க, தலை நுழைஞ்சா உடம்பு முழுக்க நுழையும்.

உயிருள்ள எலியைப் போட்டு வீடியோ எடுக்கறது வேண்டாம். வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொண்ணுக்கு இரையா வைக்கறது அதே 11ஆவது பிரிவுல குற்றம், எலி திருப்பிக் கடிச்சு பாம்புக்கு கண்ணு போன கதையும் இருக்கு. உறையவச்ச எலியை வெதுவெதுப்பான தண்ணில உருக்கி, இடுக்கியில பிடிச்சுக் குடுங்க. கழுத்துல போட்டுக்கிட்டு பைக்ல போறது, கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது எல்லாமே பாம்புக்குத் துன்பம், உங்க மேல புகார் வர்ற வழியும் அதுதான்.

தப்பிச்சுப் போச்சுன்னா முதல் ஒரு மணி நேரம் ரூம் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில துணி வச்சு அடைச்சு, ஃப்ரிட்ஜ் பின்னாடி, வாஷிங் மெஷின் அடியில, அலமாரி ஓரத்துல தேடுங்க, சூடான இருட்டான இடம்தான் அதுக்குப் பிடிக்கும். கிடைக்கலன்னா பக்கத்து வீட்டுக்குச் சொல்லிடுங்க, போட்டோவோட. வனத்துறைக்கோ 101ல தீயணைப்புத் துறைக்கோ சொல்லும்போது விஷமில்லாதது, பதிவானதுன்னு சேத்துச் சொல்லுங்க. சொல்லாம விட்டா யாரோ ஒருத்தர் கட்டையை எடுத்துடுவார்.

படி 6: அதுக்கப்புறம் வர்ற மாற்றங்கள்

பால் பைத்தான் நல்லா பாத்துக்கிட்டா 20, 30 வருஷம் இருக்கும். அதுக்குள்ள நீங்க வேலை மாறுவீங்க, ஊர் மாறுவீங்க, கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவு கூடவே நகரணும். குட்டி பொரிச்சா தெரிவிக்கணும், வேற ஆளுக்குக் குடுத்தா தெரிவிக்கணும், இறந்தா தெரிவிக்கணும். எதுக்கு எத்தனை நாள்ங்கறது விதியில இருக்கு, போர்ட்டல்ல அந்தந்தப் படிவத்தைத் திறந்து படிச்சுக்கங்க. இறந்தா டாக்டர்கிட்ட பரிசோதனை பண்ணி ஒரு சான்று வாங்கிடுங்க, சும்மா தோட்டத்துல புதைச்சுட்டு பதிவை அப்படியே விட்டா நாளைக்கு "பாம்பு எங்க"ன்னு கேட்டா பதில் இருக்காது.

ஏற்கனவே பேப்பர் இல்லாம வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க, தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணிடாதீங்க, ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரையில கொண்டு போய் விட்டுடாதீங்க. பெரும்பாலும் பட்டினியில செத்துடும், இல்ல ஆளுங்க அடிச்சுடுவாங்க, தப்பித் தவறி பிழைச்சுப் பெருகினா அது இன்னும் மோசம். ஃப்ளோரிடாவுல எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துல வளர்ப்புப் பாம்பா வந்த பர்மீஸ் பைத்தான் பெருகி, முயல், ரக்கூன் மாதிரி சின்ன விலங்குகளையே காணாம ஆக்கிடுச்சு, 2021ல அந்த மாநிலம் அதை வளர்க்கவே கூடாதுன்னு தடைப் பட்டியல்ல சேர்த்துச்சு. நீங்க பண்ண வேண்டியது, வன உயிரின வழக்கு தெரிஞ்ச ஒரு வக்கீலைப் பாத்துட்டு, அவர் சொல்றபடி எழுத்து மூலமா வனத்துறையை அணுகறது. பாம்பை அவங்க எடுத்துக்கலாம், உங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். நீங்களா போய்ச் சொல்றதுக்கும் அவங்களா வந்து கண்டுபிடிக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அதுவரைக்கும் விக்காதீங்க, யாருக்கும் கைமாத்தாதீங்க, போட்டோ போடாதீங்க.

கடைசியா வெளிநாட்டுக்கு குடிபோறவங்க. ஏர்லைன்ஸ்காரங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அந்த நாட்டுல பாம்பு வளர்க்க விடுவாங்களான்னு பாருங்க. சிங்கப்பூர்ல பாம்பு வளர்க்கவே கூடாது, நியூசிலாந்துலயும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவுல அந்தந்த மாநில லைசென்ஸோட அவங்க நாட்டுப் பாம்பு மட்டும்தான், நம்ம பால் பைத்தானுக்கு அங்க இடமில்ல. விடற நாடா இருந்தாலும் இங்கிருந்து சைட்டீஸ் ஏற்றுமதி பர்மிட் வேணும், அதுக்கு அடிப்படையே நீங்க பரிவேஷ்ல போட்ட பதிவுதான். ஆஃபர் லெட்டர் வந்த அன்னிக்கே பதிவான வேற ஒரு நல்ல ஆளைத் தேட ஆரம்பிச்சுடுங்க, பெயர் மாற்றம் முடிய நேரம் எடுக்கும்.